மிச்சமிருக்கும் சிரப்பைக் கொடுக்கலாமா?

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. ஆறு மாதம் முன்பு மருந்துக்கடையில் வாங்கிய ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் சிரப் பாதி இருக்கிறது. அப்போது இரண்டே நாளில் நின்றுவிட்டது. அதையே கொடுக்கலாமா, டாக்டர்?
— வாசகி, தேனி

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். திறந்து ஆறு மாதமான சிரப் எதற்கும் உதவாது. அன்று நின்றதும் அந்த மருந்தால்தான் என்று சொல்ல முடியாது. இந்த வயதில் தண்ணீராகப் போவது பெரும்பாலும் ரோட்டா போன்ற வைரஸ்களால். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

ஆனால் குடலில் சும்மா குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாக்கள் அடிபடும். தப்பியவை மட்டும் பெருகும். தப்பிக்கும் வித்தை பல சமயம் பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. அதை வேறு இனக் கிருமிக்கும் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். 1950களில் ஜப்பானில், ஒரே நேரத்தில் நான்கு வகை மருந்துக்கும் அடங்காத ஷிகெல்லா (சீதபேதிக் கிருமி) கிடைத்தது. 1959இல் அதையும் ஈ.கோலையையும் சேர்த்து வளர்த்தபோதுதான் இந்தக் கைமாற்று வேலை தெரியவந்தது.

உங்கள் சிரப்பில் உள்ள ஓஃப்ளாக்சசின் விஷயத்தில் ஷிகெல்லாவின் முக்கிய வழி வேறு. மருந்து போய் ஒட்டவேண்டிய கைரேஸ் நொதியையே அது சற்று மாற்றிக்கொள்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசினும் அதோடு சேர்ந்து வலுவிழக்கிறது. சீதபேதிக்கு முதல் மருந்தாக 2005இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது அந்த சிப்ரோவைத்தான். இன்று நம் ஊரில் அதை நம்பி ஆரம்பிக்க முடிவதில்லை. அசித்ரோமைசினுக்கோ செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கோ போகவேண்டியிருக்கிறது. அவற்றுக்கும் அடங்காதவை தலைகாட்டத் தொடங்கிவிட்டன.

மகனுக்கு இப்போது தேவை ஓ.ஆர்.எஸ்.: ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மெதுவாகத் தொடருங்கள். கூடவே சிங்க் 20 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 14 நாள். போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலும் சாப்பாடும் வழக்கம்போல. கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கேள்வி: பேத்திக்கு ரத்தமும் சளியுமாகப் போயிற்று. மல கல்ச்சரில் 'கிருமி வளரவில்லை' என்று வந்தது. எப்படி?
— வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் வேளை மருந்து உள்ளே போனபிறகு மாதிரி எடுத்தீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். இன்னொன்று, ஷிகெல்லா வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும். ரத்தமும் சளியும் இருக்கும் பகுதியாகப் பார்த்துச் சுத்தமான டப்பாவில் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். டயப்பரிலிருந்து வழித்தது சரிப்படாது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் ரத்தபேதிக்கு டாக்டர் அதற்கு முன்பே மருந்தை ஆரம்பித்துவிடுவார். 48 மணி நேரத்தில் காய்ச்சலும் ரத்தமும் குறையவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாதிப் பாதியாகக் கலக்கலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: கூடாது. கண்ணளவில் பிரித்தால் உப்பு கூடும், குறையும், கூடினால் ஆபத்து. 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொட்டுங்கள். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, உறையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடலாம்.