ஆறு அறை, ஒரு குழல்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குறிசுடப் போவது வழக்கம். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர். அங்கே வரும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இதே மாடலைப் பட்டறையில் கொடுத்து ஆளே மாறிப்போகும்படி செய்து வைத்திருக்கிறார். தண்ணீர்க் குழாய் மாதிரித் தடித்த குழல், அதன் மேல் நீளமாக ஒரு பட்டை. “நீயும் செய்துகொள்” என்கிறார். விசாரித்தால், துப்பாக்கி வாங்கிய விலையைவிடக் கூலி அதிகம். கம்பெனி செய்ததைப் பிரித்து மறுபடி செய்வதில் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை வெறும் பந்தாவா? நீங்கள் லேத் பட்டறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., டெக்சாஸ்

அன்புள்ள க.,

பலன் உண்டு, ஒரே ஒரு வேலைக்கு.

அந்தப் பெரியவரிடம் இருப்பது பி.பி.சி. (PPC, போலீஸ் பிஸ்டல் காம்பாட்) ரிவால்வர். எஃப்.பி.ஐ.யின் பயிற்சிமுறையிலிருந்து கிளைத்து, அமெரிக்கப் போலீஸ்காரர்களுக்கான போட்டியாக வளர்ந்தது பி.பி.சி. 7 கஜத்தில் தொடங்கி 50 கஜம் வரை 150 தோட்டாக்கள். தோட்டாவுக்குப் பத்துப் புள்ளி, ஆக 1500. 1490ஐத் தாண்டுகிறவர்கள் சேர்ந்துவிட்ட போட்டியில், ஒன்றிரண்டு புள்ளிக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பது அவர்களுக்கு நியாயமாகப் பட்டிருக்கும்.

ரிவால்வரின் அடிப்படைச் சிக்கல், தோட்டா போடும் அறை ஆறு, குழல் ஒன்று என்பது. ஆறு அறையும் உள்ள சிலிண்டர் சுழன்று நிற்கும்போது ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறை மயிரிழை விலகினாலும், ஈயக்குண்டு குழலின் வாயில் உரசிக்கொண்டு நுழையும். சீவப்பட்ட ஈயத்தூள் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியே பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நின்று சுடுகிறவர் கையைத் தடவிக்கொண்டு உங்களை முறைத்தால் அதுதான் காரணம். கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்கிறது, ஒவ்வொன்றிலும் இவ்வளவு நேரம் செலவிட முடியாது. நல்ல பட்டறைக்காரர் ஆறு அறைக்குள்ளும் கம்பி விட்டு நேர் பார்க்கிறார், பூட்டைச் சரிசெய்கிறார், குழலின் வாயைக் கூம்பாக மறுபடி வெட்டுகிறார். நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி இதற்குத்தான். வெளியே இருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

குழலின் கதை இன்னும் சுவாரசியம். இந்தப் போட்டியில் சுடுவது வாட்கட்டர் தோட்டா, 148 கிரெய்ன் எடை, மூக்கே இல்லாத மொட்டை ஈயக்குண்டு. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ணுவதில் தகராறு வராது. ஆனால் மெதுவாகப் போகிற குண்டு. 50 கஜம் வரை தள்ளாடாமல் போக நல்ல சுழற்சி வேண்டும். ஸ்மித் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் புரி 18¾ அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஸ்மித்துக்கு எதிராளியான கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வரில் 14 அங்குலத்துக்கே ஒரு சுற்று, அதாவது குண்டு இன்னும் வேகமாகச் சுழலும். ட்ரிகரோ பலருக்கும் ஸ்மித்தினுடையதுதான் பிடித்திருந்தது. ஆகவே கலிஃபோர்னியாவின் பில் டேவிஸ் போன்றவர்கள் ஸ்மித் உடம்பில் பைத்தான் குழலை மாட்டினார்கள். அதற்கு ‘ஸ்மைத்தான்’ என்று பெயரே வந்துவிட்டது. இரண்டு கம்பெனி நிர்வாகத்துக்கும் அதைப் பார்த்து எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

பிறகு, தேவைக்கேற்ற புரியோடு தடித்த குழல்களைத் தனியாகவே செய்யத் தொடங்கினார்கள். தடிமன் எடைக்காக, முன்பாரம் இருந்தால் கை ஆட்டம் குறையும். மேலே உள்ள பட்டை குறிபார்க்க. உங்கள் மாடல் 10இல் பின்பக்கம் வெறும் பள்ளம்தானே இருக்கிறது, திருப்பித் திருத்த வழியில்லை. சில பட்டைகளில் மூன்று தூரங்களுக்கு முன்கூட்டியே அமைத்து வைத்துக்கொள்ளலாம்.

ட்ரிகர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழன்று, சுத்தியல் எழுந்து விழ வேண்டும். அந்த இழுப்பை வெண்ணெயாக்க உரசும் பரப்புகளைத் தேய்த்து ஸ்பிரிங்கை இளக்குவார்கள். இளகிய ஸ்பிரிங்கின் அடி, தோட்டாவின் அடியில் தட்டினால் தீப்பற்றும் பிரைமர் கடினமாக இருந்தால் அதற்குப் போதாது. சில தோட்டா வெடிக்காது. களத்தில் அது புள்ளிக் கணக்கு. போலீஸ்காரரின் இடுப்பில் அது உயிர்க் கணக்கு. பெரியவர் பணியிலிருந்தபோதும் டியூட்டிக்கு வேறொன்றைத்தான் எடுத்துப் போயிருப்பார், கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பாதுகாப்புக்கும் இதுவே ஆகும் என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால், இந்த வேலையே வேண்டாம்.

பட்டறைக்கு அனுப்புமுன் ஒன்று செய்யுங்கள். அறைகளுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை மார்க்கரால் எண் போடுங்கள். கையை மணல்மூட்டையில் தாங்கி, 25 கஜத்தில், ஒவ்வோர் அறைக்கும் தனிக் காகிதம் வைத்து ஐந்தைந்து சுடுங்கள். ஒரு காகிதம் மட்டும் தனியே விலகினால் அந்த அறையில்தான் கோளாறு. அந்தக் காகிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பட்டறைக்காரர் உங்களை மதிப்பார். ஆறும் ஒரே மாதிரி விழுந்தால் இப்போதைக்கு ட்ரிகரை மட்டும் சீராக்கிக்கொண்டு, மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள்.

குழல் மாற்றுவதாகவே முடிவு செய்தால், கழற்றிய பழைய குழலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.சி.யில் கம்பெனி ரிவால்வருக்கென்றும் தனிப் பிரிவு உண்டு.