பட்டறைப் பதில்கள்: கான்டெஸா மசில் காரா?

வேலூர் சத்துவாச்சாரியில் கார் பட்டறை நடத்தும் மூத்த மெக்கானிக் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு கறுப்பு கான்டெஸா இருக்கிறது. ‘இந்தியாவின் மசில் கார்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? எதை வைத்து ஒரு வண்டியை மசில் கார் என்பது? – கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: தம்பி, நான் தொழில் கற்ற பட்டறையில் என்னைத் தனியாக பானட் திறக்க விட்ட முதல் வண்டியே ஒரு கான்டெஸாதான். அம்பாசிடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு கார் அது. ஆம்பூரில் தோல் ஷாப்பு வைத்திருந்த ஒருவருடையது. அந்த நீளமான பானட்டைத் தூக்கும்போது கை நடுங்கியது. உள்ளே பார்த்தால், தினமும் பத்து முறை பார்த்த அம்பாசிடர் இன்ஜின்! 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். அதைச் சுற்றிலும் அவ்வளவு காலி இடம். ஸ்பேனரோடு கையை எந்தப் பக்கமும் விடலாம். வேலை செய்ய வசதிதான், ஆனால் மனசுக்குள் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது.

பிற்பாடு ஜப்பானின் இசுசு கம்பெனி இன்ஜின் வைத்த கான்டெஸா வந்தது. 1.8 லிட்டர், ஏறக்குறைய 88 குதிரைத்திறன். அது நல்ல வண்டி, கிருஷ்ணகிரி வரை ஒரே மூச்சில் ஓட்டிப் போயிருக்கிறேன். அப்படியும் அதை மசில் கார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தோற்றம் அமெரிக்க வண்டி மாதிரி இருந்ததால் வந்த பெயர் அது.

மசில் கார் இதற்கு நேர்மாறு. பார்ப்பதற்கு ஆபீஸுக்கும் கடைக்கும் போகிற நடுத்தர வீட்டு வண்டி. பானட்டைத் திறந்தால் இன்ஜின் இடம் கொள்ளாமல் நெருக்கிக்கொண்டு நிற்கும். 1964-இல் அமெரிக்காவில் போன்டியாக் என்ற கார் கம்பெனி இதைத்தான் செய்தது. அதன் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி: நடுத்தர அளவு காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது. ஜான் டெலோரியன் என்ற பொறியாளரும் அவருடன் இருந்தவர்களும் தங்கள் பெரிய கார்களில் ஓடிக்கொண்டிருந்த 389 கன அங்குல வி-8 இன்ஜினை (‘V’ வடிவில் எட்டு சிலிண்டர்) எடுத்து, டெம்பெஸ்ட் என்ற நடுத்தர வண்டியில் இறக்கினார்கள். 389 கன அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 6.4 லிட்டர். நம் அம்பாசிடர் இன்ஜின் நான்கைச் சேர்த்தாலும் அதற்குக் கொஞ்சம் குறையும்.

விதி இருக்கும்போது எப்படி விற்றார்கள்? புது மாடல் என்று சொல்லாமல், வேண்டியவர்கள் கூடுதலாக 300 டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டி வாங்கிக்கொள்ளும் ‘ஆப்ஷன்’ ஆக வைத்துவிட்டார்கள். அந்த ஆப்ஷனின் பெயர்தான் ஜி.டி.ஓ. ஐயாயிரம் போகும் என்று கணக்குப் போட்டார்கள். முதல் வருஷமே 32,000-க்கு மேல் போனது.

பெரிய இன்ஜின், நடுத்தர பாடி இரண்டும் சரி. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். விலை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷமான பையன் தவணையில் வாங்க முடிய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது 1968-இல் வந்த பிளைமவுத் ரோட் ரன்னர். அலங்காரத்தையெல்லாம் உருவிவிட்டார்கள். முன்னால் பெஞ்சு சீட்டு, தரைக்கு கம்பளம்கூட இல்லை, ரப்பர் விரிப்பு. மிச்சம் பிடித்த காசையெல்லாம் 335 குதிரைத்திறன் இன்ஜினில் போட்டு, 3,000 டாலருக்குள் விற்றார்கள். ஒரு வண்டியில் எது முக்கியம், எது இல்லாவிட்டாலும் நடக்கும் என்று இவ்வளவு தெளிவாக முடிவெடுத்த கம்பெனியை நான் மதிக்கிறேன். அதனால்தான் விலையுயர்ந்த இரண்டு சீட்டு செவர்லே கார்வெட்டை, எவ்வளவு வேகம் போனாலும், மசில் காரோடு சேர்ப்பதில்லை. அது ஸ்போர்ட்ஸ் கார்.

நம் ஊரிலும் இன்ஜின் மாற்றினோம், தெரியுமா? அந்தக் காலத்தில் பெட்ரோல் அம்பாசிடரில் மெட்டடார் வேன் டீசல் இன்ஜினை இறக்குவது பட்டறைகளில் சாதாரண வேலை. இன்ஜின் மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைத்து நானே செய்திருக்கிறேன். டாக்சிக்காரர்களுக்கு எரிபொருள் செலவு மிச்சம். அமெரிக்காவில் வேகத்துக்காகச் செய்தார்கள், இங்கே வயிற்றுக்காகச் செய்தோம். கைவேலை ஒன்றுதான்.

கேள்வி: ஃபோர்டு மஸ்டாங் மசில் கார்தானே? – வாசகர், ஆற்காடு

பதில்: கறாராகச் சொன்னால் மஸ்டாங் ‘போனி கார்’. அதுவும் 1964-இல்தான் வந்தது. நடுத்தர அளவைவிடச் சின்ன பாடி, நீண்ட பானட், குட்டை டிக்கி. ஆறு சிலிண்டர் மஸ்டாங்குகளும் ஏராளமாக விற்றன, அவற்றை யாரும் மசில் கார் என்று சொல்லவில்லை. பெரிய வி-8 வைத்த மஸ்டாங் என்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன். 2016-இல் இந்தியாவுக்கு வந்தபோது 5 லிட்டர் வி-8 தான் வந்தது. ஆனால் விலை சுமார் 65 லட்சம். ரோட் ரன்னர் வாங்கிய பையனை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: 1970 செவர்லே செவெல் காரில் 450 குதிரைத்திறன் என்று படித்தேன். அவ்வளவு சக்தி இருந்த வண்டிகள் ஏன் மறைந்தன? ஏலகிரி மலையில் அவை எப்படி ஓடும்? – ஆசிரியர், வாணியம்பாடி

பதில்: அந்த 450 அன்றைய கணக்கு. ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல், இன்ஜினை மட்டும் மேடையில் ஓடவிட்டு அளந்த எண். 1972 வாக்கில், எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு மாறினார்கள். எண் சட்டென்று இறங்கியது. ஆகவே அந்தக் கால எண்ணை இன்றைய காரோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

மறைந்ததற்குப் பல காரணம். இளைஞர்களுக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் எகிறியது. 1970-இல் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, அதற்காக இன்ஜின்களின் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் அளவை) குறைத்தார்கள். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் பங்கில் வரிசை நின்றது.

ஏலகிரிக்கு அவை சரிப்படாது, ஐயா. முன்பக்கம் கனம், பின்னால் பல வண்டிகளுக்குப் பட்டை ஸ்பிரிங், பெரும்பாலும் டிரம் பிரேக். ஏறும்போது புல்லிங்குக்குக் குறைவிருக்காது. இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவிலும் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரை நேராகக் கிடக்கிற நெடுஞ்சாலை இருக்கிறதே, அந்த மாதிரி ரோட்டுக்குப் பிறந்த வண்டிகள் அவை.

கேள்வி: அப்பாவின் கான்டெஸா ஒன்பது வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. அதில் வி-8 போட்டு மசில் கார் ஆக்க முடியுமா? – வாசகி, இராணிப்பேட்டை

பதில்: வேண்டாம்மா. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இடம் தராது. இன்ஜினை மாற்றினால் கியர் பாக்ஸ், பின் ஆக்சில், பிரேக் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டி வரும். கடைசியில் அப்பாவின் வண்டி என்று சொல்ல கதவு மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்ல செய்தி. பிரேக் சிலிண்டர் ரப்பர்களை எல்லாம் புதிதாகப் போடாமல் ரோட்டில் எடுக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும். இழுத்துக்கொண்டு வருவதானால் திங்கட்கிழமை காலையில் வாருங்கள், நானே பார்க்கிறேன்.