கர்லிங் வீட்டுப் பெண்: ஈவ் முயர்ஹெட் பற்றிய கேள்விகள்

பிரிட்டன் கர்லிங் வீராங்கனை ஈவ் முயர்ஹெட் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

கே: கர்லிங் என்றாலே புரியவில்லை அண்ணா. ஒரு வரியில்?
ப: நம்மூர் கோலிக்குண்டை ஐஸ்மேல் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், குண்டின் எடை மட்டும் 19 கிலோ. வட்டத்தின் நடுவுக்கு யார் கல் மிக அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. அணித்தலைவரை ‘ஸ்கிப்’ என்பார்கள். பெரும்பாலும் கடைசிக் கல் அவர் கையில்தான். ஈவ் ஒரு ஸ்கிப்.

கே: அப்பா பெயரால் வந்தவர்தானே?
ப: ஸ்காட்லாந்தில் பிளேர் அத்தால் பக்கம் ஆட்டுப்பண்ணைக் குடும்பம். அப்பா கோர்டன் 1999-இல் உலகப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். சகோதரர்கள் கிளென், தாமஸ் இருவரும் 2018 ஒலிம்பிக் போனவர்கள். சரி, வாசலைத் திறந்துவிட்டது வீடுதான். ஆனால் நான்கு முறை ஜூனியர் உலகப் பட்டம், 19 வயதில் ஒலிம்பிக் அணித்தலைமை, 2013-இல் ரீகாவில் உலகப் பட்டம்... இதெல்லாம் அப்பா வாங்கித் தருகிற சமாச்சாரமா?

கே: 2018-இல் என்னதான் நடந்தது?
ப: இதைப் பார்த்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. தென்கொரியாவின் பியாங்சாங்கில் ஒலிம்பிக், வெண்கல ஆட்டம், எதிரில் ஜப்பான். 4-3 என்று ஜப்பான் முன்னிலை, கடைசிக் கல் ஈவிடம். ஒரு புள்ளி எடுத்து ஆட்டத்தை நீட்டியிருக்கலாம், அவர் வெற்றிக்கே குறிவைத்தார். கற்கள் மோதி உருண்டு, கடைசியில் ஜப்பான் கல்லே நடுவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. 5-3. அப்புறம் இடுப்பில் அறுவை சிகிச்சை வேறு.

கே: 2022 ஒலிம்பிக் தங்கம் அதிர்ஷ்டமா?
ப: கொஞ்சம் உண்டு. தகுதிச் சுற்றில் தப்பித்துத்தான் பெய்ஜிங்கே போனார்கள். லீக்கில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. அரையிறுதியில் முதல் சுற்றிலேயே ஸ்வீடனுக்கு நான்கு புள்ளி கொடுத்துவிட்டு, 12-11 என்று பிழைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரில் யார் தெரியுமா? அதே ஜப்பான், அதே ஸ்கிப் ஃபுஜிசாவா. 10-3. அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையில்லை.

கே: இப்போதும் ஆடுகிறாரா?
ப: இல்லை, அதே ஆண்டு ஆகஸ்டில் ஓய்வு. பேக்பைப் என்ற ஸ்காட்லாந்து ஊதுவாத்தியமும் நன்றாக வாசிப்பார், அது தொடர்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்!