கேட்டையின் வயது – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

நாங்கள் வேலந்தாவளம் பக்கம். மகள் கேட்டை நட்சத்திரம். 'கேட்டை மூத்தாருக்கு ஆகாது, பையனுக்கு அண்ணன் இருக்கிறான்' என்று பொள்ளாச்சி வரன் தட்டிப்போயிற்று. இப்போது யூடியூபில், கேட்டை கிழடு தட்டிய நட்சத்திரம், வெடிக்கப்போகிறது என்கிறார்கள். ஏற்கெனவே வெடித்திருக்குமா? நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன? ஜாதகத்தை அனுஷமாக மாற்றி எழுதித் தருவதாக ஜோசியர் சொல்கிறார். செய்யலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஜோசியர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மகள் பிறந்தபோது நிலா கேட்டை இருக்கும் திசையில் நின்றது, அவ்வளவுதான். நிலா 3,84,000 கிலோமீட்டரில் இருக்கிறது. கேட்டை சுமார் 550 ஒளியாண்டு தள்ளி, அதாவது அதன் ஒளி நம்மிடம் வந்துசேரவே 550 ஆண்டு ஆகும். பெற்ற பெண்ணின் பிறந்த நேரத்தைக் காசு கொடுத்துத் திருத்தப் போகிறீர்களா? நேரில் இருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். வெடித்ததா இல்லையா என்பதும் வீண் கவலை. அவ்வளவு தூரத்திலிருந்து நமக்கு ஒரு கெடுதலும் வராது.

கிழடு என்றார்களே, அதுதான் பொறுக்கவில்லை. சூரியனுக்கு வயது 460 கோடி. கேட்டைக்கு ஒன்றரைக் கோடியைத் தாண்டாது என்கிறார்கள். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்கு முன் அது பிறக்கவே இல்லை. உங்கள் ஊரிலிருந்து தெற்கே தெரியும் நெல்லியாம்பதி மலை அதைவிட மூத்தது!

சின்ன வயதிலேயே சாவு வரக் காரணம் எடை. குளிர்ந்த வாயுவும் தூசும் கலந்த மேகம் தன் எடையாலேயே சுருங்கித்தான் எல்லா நட்சத்திரமும் பிறக்கிறது. மையம் ஒரு கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகத் தொடங்கும். நட்சத்திரம் எரிவது என்பது இதுதான். பிறக்கும்போது என்ன எடையோ, அதுதான் தலையெழுத்து. எடை கூடினால் மையத்தில் அழுத்தம் கூடும், சூடு கூடும், எரிவது தாறுமாறாகக் கூடும். சூரியனைப்போல் பத்து மடங்கு எடையுள்ளது ஆயிரக்கணக்கான மடங்கு ஒளி விடும். சொத்து பத்து மடங்கு, செலவு சில ஆயிரம் மடங்கு என்றால் எத்தனை நாள் தாங்கும்? சூரியனுக்கு ஆயுள் ஆயிரம் கோடி ஆண்டு. அதற்கு இரண்டு மூன்று கோடிதான். கேட்டை இன்னும் கனம். மைய ஹைட்ரஜன் தீர்ந்து, சூரியன் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கும் அளவுக்கு ஊதிச் சிவந்து நிற்கிறது. ஹீலியமும் அடுத்தடுத்து இணைந்து கனமாகி, கடைசியில் மையம் இரும்பாகும். இரும்பை இணைத்து ஆற்றல் எடுக்க முடியாது. ஒரு நொடிக்குள் அது இடிந்துவிழ, மற்றதெல்லாம் வெடித்துச் சிதறும்.

சூரியனுக்கு இந்த ஆர்ப்பாட்டம் கிடையாது. ஊதி, மேலுறையை உதறி, மிஞ்சிய சின்ன மையம் வெள்ளைக் குள்ளன் என்ற பெயரோடு ஆறிப்போகும். (அந்தக் குள்ளன் ஓர் அளவு எடைக்கு மேல் தாங்காது என்பதற்கு 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டவர் வானியற்பியலாளர் சந்திரசேகர், அப்போது பத்தொன்பது வயது.) சூரியனைவிட எடை மிகக் குறைந்த சிவப்புக் குள்ளர்கள் என்ற நட்சத்திரங்கள் லட்சம் கோடி ஆண்டுக் கணக்கில் எரியும். பிரபஞ்சத்துக்கே 1380 கோடிதான். அவற்றில் ஒன்றுகூட இன்னும் எரிந்து தீரவில்லை.

என் அத்தையும் கேட்டைதான். கொழிஞ்சாம்பாறையில் கடலை காயும் களத்தில் காவலுக்குப் படுத்திருந்தபோது அவள்தான் எனக்கு அதைக் காட்டினாள். "அதா, அந்தச் செவப்பு. எனக்கு வந்த மாப்பிள்ளையெல்லாம் தொரத்துனது அதுதான். ஆனா என்ன லட்சணமா நிக்குது பாரு." அப்புறம் வீட்டுக்கு மூத்த பையனாகத் தேடி, இருபது வயது பெரியவருக்குக் கட்டிவைத்தார்கள். நாற்பது தாண்டுமுன் தாலியறுத்தாள். எந்த மூத்தாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அத்தைக்குத்தான் ஆயிற்று. பொள்ளாச்சிக்காரர்கள் போனது நல்லதுக்கே.

ஜோசியருக்கு வைத்திருக்கும் பணத்தில் மகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். ஆடி மாத இரவில் தெற்கே பார்த்தால் கேட்டைக்கு ஒட்டி மேற்கே மங்கலாக ஒரு பஞ்சுத் திட்டு தெரியும். எம்4 என்ற நட்சத்திரக் கொத்து, வயது 1200 கோடி ஆண்டு. அங்கே கனமானவை எல்லாம் எப்போதோ செத்துப்போயின, மிச்சமிருப்பவை சூரியனைவிட எடை குறைந்தவை. கிழடு என்று யாரையாவது சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் அவற்றைச் சொல்லட்டும்.