ஐம்பது வயது செஸ்னாவை வைத்துப் பறப்பது: கேள்வி பதில்

நான் டெக்சாஸில் விமான மெக்கானிக். வருடாந்திரப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடும் ஐஏ அதிகாரமும் இருக்கிறது. சொந்தமாக 1975ஆம் வருடத்து செஸ்னா 172எம் என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்று வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் பழைய விமானம் வைத்திருக்கும், வாங்க நினைக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகள் 172 பற்றியே வந்திருக்கின்றன. 1956இல் விற்பனைக்கு வந்து 44,000க்கு மேல் செய்யப்பட்ட விமானம் அது. 1986இல் உற்பத்தி நின்று, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. நம் கைக்கு எட்டும் விலையில் இருப்பவை அந்த இடைவெளிக்கு முன் வந்தவை. விதிகள் எல்லாம் எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள்.

கணவர் 1977 மாடல் 172என் வாங்கப் போகிறார். குழந்தைகளோடு அதில் ஏற எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இவ்வளவு பழையதை நம்பலாமா?

நம்பலாம் அம்மா. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகு. வயதுக்காக மட்டும் நான் எந்த விமானத்தையும் ஒதுக்கியதில்லை. அலுமினியம் அரித்துப்போகாமல் இருந்தால் ஐம்பது வருடம் அதற்குப் பெரிய வயதில்லை. உங்களுக்காக இரண்டு விஷயம் சொல்கிறேன், கணவரிடம் கேளுங்கள்.

முதலாவது, இருக்கை ஓடும் தண்டவாளம். செஸ்னாவில் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, ஒரு முள் துளைக்குள் விழுந்து பூட்டிக்கொள்ளும். பல வருடப் பழக்கத்தில் துளை தேய்ந்து அகன்றுவிடும். விமானம் மூக்கைத் தூக்கி எழும்பும் நேரத்தில் முள் நழுவினால் ஓட்டுபவர் இருக்கையோடு பின்னால் போவார். கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டையும் சேர்த்து இழுப்பார். மூக்கு இன்னும் மேலே போய் விமானம் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் இதற்கென்றே ஏடி, அதாவது கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு, இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ளது 2011-10-09. துளையின் விட்டம் 0.42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஓட்டுபவர் இருக்கை பின்னால் ஓடாமல் பிடிக்கும் இரண்டாவது தடுப்பு ஒன்றையும் செஸ்னா தருகிறது. அது மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. கேபினுக்குள் வரும் சூடான காற்று இன்ஜினின் மஃப்ளரைச் சுற்றி வருகிறது. மஃப்ளரில் ஒரு விரிசல் விழுந்தால் புகையோடு அந்த வாயுவும் நேராக உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது. பொட்டு நிறம் மாறும் அட்டையை ஒட்டிவைத்துத் திருப்திப்பட வேண்டாம். யாரும் அதைப் பார்ப்பதில்லை, சீக்கிரம் காலாவதியும் ஆகிவிடும். சத்தம் போடும் மின்னணு அலாரம் வாங்குங்கள். குளிர்காலம் வருவதற்கு முன் மஃப்ளரின் உறையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

172என்னில் வரும் ஓ-320-எச்2ஏடி இன்ஜினுக்கு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் தேயும் பழைய கதை ஒன்று உண்டு. வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இன்ஜினைச் செய்யும் லைகமிங் கம்பெனியின் எல்டபிள்யூ-16702 கலவையை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் சேர்த்திருக்கிறார்களா, அடிக்கடி பறந்த விமானமா என்று லாக் புக்கில் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை காரணமாக மூன்று மாதமாகப் பறக்க முடியவில்லை. வாரம் ஒருமுறை ஹேங்கருக்குப் போய் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கிறேன். போதுமா? (ஹூஸ்டன்)

தம்பி, அதை இன்றோடு நிறுத்துங்கள். நல்லது என்று நினைத்துச் செய்கிறீர்கள், அதுதான் இன்ஜினைக் கெடுக்கிறது.

லைகமிங் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் அதன் மேலுள்ள ஆயில் மெல்ல வடிந்து கீழே போய்விடும். இரும்பு வெறுமையாக நிற்கும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே வரும். வானத்தில் ஒரு மணி நேரம் பறந்தால் ஆயில் நன்றாகச் சூடேறி அந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். தரையில் பத்து நிமிடம் ஓடினால் அந்தச் சூடு வராது. ஈரத்தை மட்டும் உண்டாக்கி உள்ளேயே பூட்டி வைக்கிறீர்கள். ஹூஸ்டன் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. துருப்பிடித்த கேம் அடுத்த நூறு மணி நேரத்தில் டேப்பெட்டைச் சுரண்டித் தின்னும், ஃபில்டரில் இரும்புத் துகள் வரும், கடைசியில் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

லைகமிங் சொல்வது, 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆயில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். நான் வாரம் ஒருமுறை பறக்கப் பார்க்கிறேன். உங்களால் முடியாவிட்டால் நம்பிக்கையான ஒரு நண்பரை இன்சூரன்ஸில் சேர்த்துப் பறக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் துருத்தடுப்பு ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இடத்தில் ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டி, முறையாக மூடி வையுங்கள்.

பரிசோதனையில் மூன்றாவது சிலிண்டர் 62/80 காட்டியது. கழற்றி மாற்ற வேண்டும் என்கிறார்கள். சரியா?

அவசரப்பட வேண்டாம். 80 அளவு அழுத்தத்தில் காற்றை விட்டால் சிலிண்டர் 62ஐத்தான் பிடித்து வைத்தது என்று அர்த்தம். முதலில் விமானத்தை நன்றாகப் பறக்கவிட்டு, இறங்கிய சூட்டிலேயே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வால்வில் ஒரு துளி கரி ஒட்டியிருந்தாலே எண் கீழே இறங்கும். அளக்கும்போது காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. அதுதான் கவலை.

அப்புறம் போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு வால்வின் முகத்தைப் பார்க்க வேண்டும். நிறம் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக ஒரே சீராக இருந்தால் நல்லது. ஒரு ஓரத்தில் மட்டும் பிறை போல நிறம் மாறியிருந்தால் அந்த இடம் எரியத் தொடங்கிவிட்டது, அப்போது தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், சிலிண்டரைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை. அதைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டுகளில் சிலதான் இன்ஜினின் உடற்கூடான கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்த்து இறுக்குகின்றன. திரும்பப் போடும்போது இறுக்கம் பிசகினால் உள்ளே மெயின் பேரிங் நகரும், சிலிண்டரே பிய்த்துக்கொண்டு போன சம்பவங்களும் உண்டு. நோய் உறுதியான பிறகு மட்டும் திறக்க வேண்டும்.

இன்ஜின் 2,000 மணி நேரம் தாண்டினால் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) கட்டாயமா?

ஓ-320க்கு லைகமிங் சொல்லும் கணக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவருக்கு அது பரிந்துரைதான், சட்டக் கட்டாயம் இல்லை. நான் எண்ணைப் பார்ப்பதில்லை. ஃபில்டரை வெட்டிப் பார்க்கிறேன், போர்ஸ்கோப்பில் பார்க்கிறேன், ஆயிலைச் சோதனைக்கு அனுப்புகிறேன். ஆனால் பணத்தை முதல் நாளிலிருந்தே சேருங்கள். ஓவர்ஹாலுக்கு இன்று 30,000 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட, பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 15 டாலர் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

மெக்கானிக் இல்லாமல் நானே என்னென்ன செய்யலாம் சார்?

பிரைவேட் பைலட் உரிமம் இருந்தால் உங்கள் சொந்த விமானத்தில் நிறையச் செய்யலாம். ஆயில் மாற்றுவது, டயர், ஸ்பார்க் பிளக், பேட்டரி, லேண்டிங் லைட் எல்லாம் உண்டு. முழுப் பட்டியல் எஃப்ஏஏ விதிகளின் பார்ட் 43, இணைப்பு ஏ-யில் இருக்கிறது. முடித்ததும் என்ன செய்தீர்கள், தேதி, கையெழுத்து, உரிம வகை, உரிம எண் எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுத வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை.

ஆயிலை நீங்களே மாற்றினால் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். வெட்டி, காகித மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள், காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

வருடாந்திரப் பரிசோதனையிலும் கூட இருந்து மூடிகளைக் கழற்றித் துடைத்துக் கொடுங்கள். பல ஐஏக்கள் சம்மதிப்பார்கள். உங்கள் விமானத்தின் வயிற்றுக்குள் எந்தக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அதை மறக்க மாட்டீர்கள்.

கையில் 20,000 டாலர் இருக்கிறது. டேஷ்போர்டு முழுக்க புது மின்னணுத் திரை போடலாமா?

திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய வயர்களின் உறை உதிர்கிறதா, பெட்ரோல் ஹோஸும் ஆயில் ஹோஸும் எத்தனை வயது, தோள் பெல்ட் இருக்கிறதா. 1978 ஜூலைக்கு முன் செய்யப்பட்ட சிறு விமானங்களுக்கு முன் இருக்கையில் தோள் பெல்ட் கட்டாயமாக இருக்கவில்லை. இல்லையென்றால் என் முதல் டாலர் அதற்குத்தான் போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், மேகத்துக்குள் பறப்பவருக்கு நான் மனதாரச் சொல்லும் ஒரு மாற்றம் வேக்குவம் பம்பை ஓய்வு பெறச் செய்வது. உள்ளே கரித் தகடுகள் சுழலும் பம்ப் அது. முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். அதை நம்பிச் சுழன்று, விமானம் சாய்கிறதா என்று காட்டும் கைரோ உடனே நிற்காது, மெல்லச் சாய்ந்து பொய் சொல்லும். மேகத்துக்குள் அந்தப் பொய்யை நம்பியவர்கள் திரும்பி வரவில்லை. கார்மின் ஜி5 என்ற மின்னணுக் கருவி இரண்டை எஸ்டிசி (மாற்றத்துக்கு எஃப்ஏஏ தரும் அனுமதி) படி மாட்டினால் பம்பையே எடுத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் சொந்த பேட்டரி உண்டு. கருவியின் விலை பாதிதான், மாட்டும் கூலி மீதிப் பாதி என்று கணக்கு வையுங்கள். எடையும் சமநிலைக் கணக்கும் மாறும், புதுத் தாள் எழுதி வாங்குங்கள்.

விபத்து நடந்தால் தானே சமிக்ஞை அனுப்பும் அவசர ஒலிபரப்பி இன்னும் 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான் என்றால் 406க்கு மாறுங்கள். 121.5ஐ செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டன.

ஈயம் இல்லாத பெட்ரோல் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

நல்ல மாற்றம். 2030 முடிவுக்குள் ஈயத்தை விடுவது இங்கே இலக்கு. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டி தன் இரண்டு விமான நிலையங்களில் 2022 தொடக்கத்திலேயே 100எல்எல் என்ற ஈயம் கலந்த விமானப் பெட்ரோலை விற்பதை நிறுத்திவிட்டது. என் விமானத்தின் 150 குதிரைத்திறன் இன்ஜின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்கு வடிவமைக்கப்பட்டது. 100எல்எல்லில் அந்தப் பழைய பெட்ரோலைவிட நான்கு மடங்கு வரை ஈயம் இருக்கலாம். கீழ் வரிசை பிளக்குகளில் ஈய மணிகள் உருண்டு நிற்பது அதனால்தான். தரையில் ஓடும்போது மிக்சரில் பெட்ரோலின் பங்கை நன்றாகக் குறைத்து வையுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். கார் பெட்ரோல் ஊற்ற எஸ்டிசி உண்டு, ஆனால் எத்தனால் கலந்தது கூடவே கூடாது.

1966 மாடல் ஒன்று மலிவாக வருகிறது. முதல் பதினைந்து வருட லாக் புக் தொலைந்துவிட்டதாம். (ஃப்ளோரிடா)

ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்தில் அந்த விமானத்தின் கோப்பைச் சில டாலருக்கு வாங்கலாம். பெரிய பழுதுவேலைகளும் மாற்றங்களும் ஃபார்ம் 337 என்ற படிவத்தில் பதிவாகி அதில் இருக்கும். செய்ததாக நிரூபிக்க முடியாத ஏடிக்களை மறுபடி செய்ய வேண்டிவரும், அதை விலையில் கழியுங்கள்.

லாக் புக்கைவிட எனக்கு ஃப்ளோரிடாதான் கவலை. கடலோரத்தில் வெளியே கட்டிப்போட்டிருந்த விமானமா? தரை விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். இறக்கைக்குள் எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள், எலி மூத்திரம் அலுமினியத்தை அரித்துவிடும். இறக்கையைத் தாங்கும் உத்தரமான ஸ்பாரில் அரிப்பு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பார்ப்பவர் விற்பவரின் மெக்கானிக்காக இருக்கக் கூடாது.

ஆனுவல் (வருடாந்திரப் பரிசோதனை) முடிந்து நாளை விமானத்தை எடுக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அதை வருடத்திலேயே அதிகக் கவனமாகப் பறக்க வேண்டிய நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடம் முன் என் விமானத்தை வேறொரு பட்டறையில் விட்டு எடுத்தேன். பில் கட்டியாயிற்று, லாக் புக்கில் கையெழுத்தும் ஆயிற்று. பழக்கதோஷத்தில் இன்ஜின் மூடியான கௌலிங்கைத் திறந்து பார்த்தால் ஆயில் ஃபில்டருக்குப் பாதுகாப்புக் கம்பியே கட்டவில்லை. கையால் திருகினேன், சுழன்றது. அப்படியே கிளம்பியிருந்தால் ஆயில் முழுக்க வானத்தில் போயிருக்கும்.

அதனால் டார்ச்சோடு போங்கள். கௌலிங்கைத் திறந்து தொட்டுப் பாருங்கள். கட்டுப்பாட்டை இடப்பக்கம் திருப்பினால் இடது இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் எய்லரான் மேலே எழ வேண்டும். மூக்கின் நிலையைச் சமன் செய்யும் டிரிம் சக்கரத்தையும் அதே மாதிரி சரிபாருங்கள். சர்க்யூட் பிரேக்கர் எல்லாம் உள்ளே இருக்கிறதா? முதல் பறப்பு தனியாக, பகலில், மேகமில்லாத வானில், ஓடுதளத்துக்கு மேலேயே அரை மணி நேரம். இறங்கியதும் கௌலிங்கை மறுபடி திறந்து ஈரம் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டாரை அதற்குப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.