வயல் வழியே நடந்தால் ஐஎல்ஆர் போய்விடுமா?

கேள்வி: ரெடிங்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மே மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வெண்டோவரில் ஒரு சுற்றுப்பாதை நடந்தோம். கூம்ப் ஹில் ஏறி, செக்கர்ஸ் பக்கமாகக் காட்டுக்குள் இறங்கி, வயல்கள் வழியே கிளம்பிய இடத்துக்கே திரும்பும் வழி. ஓரிடத்தில் பாதை மஞ்சள் பூத்த ரேப்சீட் வயலுக்குள் போய் மறைந்துவிட்டது. பயிரை மிதிக்க மனமில்லாமல் வயலோரமாகச் சுற்றிப் போனோம். பண்ணைக்காரர் வண்டியில் வந்து சத்தம் போட்டார், எங்களைப் படம் எடுத்தார், போலீசுக்குச் சொல்வேன் என்றார். ‘அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்று பலகையும் இருந்தது. அக்டோபரில் ஐஎல்ஆர் (பிரிட்டனில் காலவரையின்றித் தங்கும் அனுமதி) விண்ணப்பிக்க வேண்டும். நண்பர் சொன்ன ஓர் ஆலோசகர், “இது போலீஸ் பதிவில் ஏறியிருக்கும், 400 பவுண்டு கொடுத்தால் கிளியரன்ஸ் கடிதம் வாங்கித் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு பவுண்டுகூட.

இங்கிலாந்தில் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது சாதாரணமாகக் குற்றமே அல்ல. அது சிவில் விவகாரம். நிலத்துக்காரர் உங்கள் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். ஆனால் நீங்கள் மூவரும் ஓரமாக நடந்ததில் அவருக்கு என்ன நஷ்டம்? அதற்காக எவரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள். ‘வழக்குத் தொடரப்படும்’ என்ற பலகை பல ஊர்களில் பல வருடங்களாக நின்று ஆட்களை மிரட்டுகிறது, அவ்வளவுதான். பொதுப்பாதையை, அதாவது தனியார் நிலத்தின் வழியே போனாலும் எல்லாருக்கும் நடக்க உரிமையுள்ள பாதையை, பயன்படுத்தவிடாமல் தடுக்கும் பொய்யான பலகை வைப்பதுதான் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எரிச்சல் வரும்.

ஐஎல்ஆர் படிவம் தண்டனைகளைக் கேட்கிறது, கோர்ட் தீர்ப்புகளைக் கேட்கிறது. பண்ணைக்காரர் போட்ட சத்தத்தை எழுத அதில் கட்டம் கிடையாது. உங்களுக்கு எதிராகத் தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை.

அந்த ஆலோசகர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிய கவலை. அவர் சொல்லும் ‘கிளியரன்ஸ் கடிதம்’ ஐஎல்ஆர் விண்ணப்பத்துக்குத் தேவையே இல்லாத ஒன்று. அப்படியானால் 400 பவுண்டுக்கு எதைக் கொண்டுவந்து கொடுப்பார்? எங்கோ அச்சடித்த தாளைத்தான். அதை நீங்கள் விண்ணப்பத்தோடு இணைத்தால், ஒன்றுமில்லாத கோப்பில் போலி ஆவணம் சேர்ந்துவிடும். ஹோம் ஆஃபீஸ் (உள்துறை அமைச்சகம்) மன்னிக்காத விஷயம் அது. வயலோரம் நடந்ததால் போகாத ஐஎல்ஆர் அந்தக் கடிதத்தால் போகும்.

இவர்கள் கோயில் திருவிழாவில் அறிமுகமாவார்கள், வாட்ஸ்அப் குழுவில் “அண்ணா, நான் பார்த்துத் தருகிறேன்” என்பார்கள், ரசீது கேட்டால் முகம் சுளிப்பார்கள். தகுதியில்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆலோசகரைப் பதிவுசெய்யும் அமைப்புக்கு 2025 ஜனவரியிலிருந்து ‘இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி’ என்று பெயர். அதன் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அவரிடம் பதிவு எண் கேளுங்கள். சொலிசிட்டர் என்று சொல்லிக்கொண்டால், சொலிசிட்டர்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லை என்றால் அவருடைய தொலைபேசியை எடுக்கவே எடுக்காதீர்கள். அவர் கெடுத்துவைத்த கோப்பு கடைசியில் எங்களைப் போன்றவர்கள் மேசைக்குத்தான் வரும், அப்போது பல நேரம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

இனி வயல். ஊரில் பயிரை மிதித்தால் வசவு விழும், வரப்பில் போவதுதான் மரியாதை. இங்கே சட்டம் தலைகீழ். பொதுப்பாதை வயலின் குறுக்கே போகிறது என்றால், உங்கள் உரிமை அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது. பயிர் நிற்கிறதா இல்லையா என்பது உங்கள் கவலை அல்ல. உழுதாலும் விதைத்தாலும் பாதையை மீட்டுத் தரவேண்டியது விவசாயியின் கடமை: விதைப்புக்கான முதல் உழவுக்குப் பிறகு 14 நாள், அதற்குப் பின் ஒவ்வொரு முறை கிளறியதற்கும் 24 மணி நேரம். வயலைக் குறுக்கே கடக்கும் நடைபாதைக்குக் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விடவேண்டும். ஆகவே அடுத்த முறை அம்மாவையும் அப்பாவையும் ஒருவர் பின் ஒருவராகப் பயிருக்குள்ளேயே நடத்திக் கூட்டிப்போங்கள். நீங்கள் அன்று ஓரமாகப் போனதற்கும், பாதையை மறைத்தவரே அந்த நிலத்துக்காரர் என்பதால், சமாதானம் சொல்ல இடமுண்டு. ஆனால் பயிருக்குள் போயிருந்தால் சமாதானமே தேவைப்பட்டிருக்காது.

நீங்கள் போன வழியில் ஒரே ஓர் இடம் மட்டும் நான் மேலே சொன்னதற்கு விலக்கு. அதை விளக்காமல் விட்டால் நீங்களே போய் மாட்டுவீர்கள். செக்கர்ஸ் பிரதமரின் நாட்டுப்புற வீடு, 1921 முதல் பிரதமர்கள் தங்கும் இடம். 2005ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட வளாகமாக 2007இல் அறிவிக்கப்பட்டது. அங்கே அத்துமீறுவது சிவில் விவகாரம் அல்ல, கிரிமினல் குற்றம்தான், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. வேடிக்கை என்னவென்றால், ரிட்ஜ்வே என்ற நீண்ட நடைபாதை அந்த வீட்டுக்குப் போகும் சாலையையே குறுக்கே கடந்து போகிறது. கடந்து போகலாம், தினமும் ஆட்கள் கடக்கிறார்கள். ஏகோர்ன் (ஓக் மரக்கொட்டை) சின்னம் போட்ட கம்பங்களை விட்டு விலகாதவரை நீங்கள் உங்கள் உரிமைக்குள் இருக்கிறீர்கள். வீடு நன்றாகத் தெரியட்டும் என்று வேலி தாண்டாதீர்கள், சாலையோடு நடந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அப்பா படம் எடுக்க வேண்டுமென்றால் பாதையில் நின்றபடி எடுக்கட்டும். அங்கே இருக்கும் எச்சரிக்கைப் பலகை மட்டும் வெறும் மிரட்டல் அல்ல. தெரியாமல் நுழைந்துவிட்டேன் என்ற வாதத்தைச் சட்டம் ஏற்கும், வழக்குத் தொடர அட்டர்னி ஜெனரலின் அனுமதியும் வேண்டும். ஆனால் ஐஎல்ஆருக்கு முன்னால் இந்த வாதத்தையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

எந்தச் செயலியைப் பார்த்து நடந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாரோ ஒருவர் என்றோ நடந்த தடத்தைப் ‘பிரபலமான சுற்றுப்பாதை’ என்று காட்டும் செயலிகளை நம்பாதீர்கள். அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடம் வாங்குங்கள், அந்தப் பகுதிக்கு எண் 181. பச்சைக் கோடுகளாகப் போகும் பாதைதான் உரிமையுள்ள பாதை. கறுப்புக் கோடு என்றால் தரையில் தடம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். இறுதிச் சான்று கவுன்சில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ வரைபடம். அதில் விட்டுப்போன பழைய பாதைகளைச் சேர்க்க முதலில் 2026 கெடு என்றார்கள், பிறகு 2031 என்றார்கள், 2024 டிசம்பரில் கெடுவையே நீக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அரசு மனம் மாறும் வேகத்தில் விண்ணப்பங்களைத் தீர்த்திருந்தால் வேலை என்றைக்கோ முடிந்திருக்கும்.

பாதை மறைந்த இடத்தைப் படத்தோடும் வரைபடக் கட்ட எண்ணோடும் (கிரிட் ரெஃபரன்ஸ்) பக்கிங்ஹாம்ஷயர் கவுன்சிலுக்கு எழுதுங்கள். பயிரிலிருந்து பாதையை மீட்டெடுக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பொதுவாகக் கவுன்சில்களில் பாதைப் பிரிவில் ஆள் குறைவு, அறுவடை முடிந்த பிறகு பதில் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். எழுதியபோது கிடைக்கும் புகார் எண்ணை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பண்ணைக்காரர் மறுபடி வண்டியில் வந்தால் காட்ட உதவும்.