பெரிய ராக்கெட் செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு இஸ்ரோவா, தனியாரா?

ஆந்திரத்தின் சூலூர்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். இன்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) இரண்டாம் ஆண்டில் எம்.பி.சி. என்ற கணிதம், இயற்பியல், வேதியியல் பிரிவு படிக்கும் உங்கள் மகன், ராக்கெட் செய்வதென்றால் ஸ்பேஸ்எக்ஸ் போன்ற தனியார் நிறுவனத்தில்தான் என்று உறுதியாக இருப்பதாகவும், ஷாரில், அதாவது ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள இஸ்ரோவின் ஏவுதள மையத்தில், அரசு வேலை கிடைத்தால் ஊரோடு இருக்கலாமே என்று அவருடைய அப்பா சொல்வதாகவும், இரண்டில் எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தம்பியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நிலவுப் பயணங்களுக்கான நாசாவின் எஸ்.எல்.எஸ். என்ற கனரக ராக்கெட்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2010-இல் ஒப்புதல் அளித்தது. அது முதன்முதலாகப் பறந்தது 2022 நவம்பரில்தான். அதன் அடியில் இருக்கும் ஆர்.எஸ்.-25 எஞ்சின்கள் நான்கும், திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்றே விண்வெளி ஓடத்துக்காக உருவாக்கப்பட்டவை. இப்போது ஒரே பயணத்தோடு கடலில் விழுகின்றன. அதில் செல்லும் ஆர்ட்டெமிஸ் என்ற நிலவுப் பயணங்களில் ஆரம்பப் பயணங்கள் ஒவ்வொன்றுக்கும், விண்கலமும் ஏவுதளச் செலவும் சேர்த்து, சுமார் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் சொந்தத் தணிக்கை அதிகாரியே 2022-இல் கணக்குக் காட்டினார். மறுபக்கம், 2018-இல் முதன்முதலாகப் பறந்த ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஹெவி ராக்கெட், எஸ்.எல்.எஸ்.ஸில் செல்வதாக இருந்த நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தை 2024 அக்டோபரில் ஏற்றிச் சென்றது. அதற்கு முந்தைய நாள்தான் ஸ்பேஸ்எக்ஸின் இன்னும் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் 33 எஞ்சின் கொண்ட கீழ்ப்பகுதி ஏவுதளக் கோபுரத்துக்கே திரும்பி வந்து, அதன் இரும்புக் கைகளில் அகப்பட்டது. பதினேழு வயதுப் பிள்ளை இதைப் பார்த்து மயங்காவிட்டால்தான் வியப்பு.

ஆனால் அவர் கவனிக்காத ஒன்று உண்டு. எஸ்.எல்.எஸ்.ஸின் மையப்பகுதியைக் கட்டுவது போயிங், பக்கவாட்டுப் பூஸ்டர்களைச் செய்வது நார்த்ராப் கிரம்மன். இரண்டுமே தனியார் நிறுவனங்கள். மூன்று தோல்விகளுக்குப் பின் 2008 செப்டம்பரில் வெற்றி கண்ட ஸ்பேஸ்எக்ஸைத் தூக்கி நிறுத்தியது, அதே ஆண்டு டிசம்பரில் நாசா அளித்த 160 கோடி டாலர் ஒப்பந்தம். அது அரசுப் பணம். ஆக, வேறுபாடு பெரும்பாலும் ஒப்பந்தத்தின் தன்மையில் இருக்கிறது. வீடு கட்டும்போது ஆகிற செலவையெல்லாம் நாம் கொடுத்து, மேஸ்திரிக்குக் கூலியும் தனியாகக் கொடுப்பது ஒரு வகை. மொத்தமாக இவ்வளவு என்று பேசி முடித்துவிடுவது இன்னொரு வகை. எஸ்.எல்.எஸ். முதல் வகையில் வளர்ந்தது. ஸ்பேஸ்எக்ஸ் சரக்குப் போக்குவரத்து இரண்டாம் வகையில் நடந்தது. காலம் தவறினால் யாருடைய பை காலியாகும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

அடுத்ததைத் தம்பியிடம் நேரடியாகவே சொல்லிவிடுங்கள். ராக்கெட் தொழில்நுட்பம் ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்கு நெருக்கமானது என்பதால், அமெரிக்காவின் ஐட்டார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் அதை வெளிநாட்டவர் கையாளுவதைத் தடுக்கின்றன. அங்குள்ள ராக்கெட் நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும்தான் அழைக்கின்றன. அங்கே எம்.எஸ். முடித்தும் அந்தக் கதவு திறக்காமல் வேறு துறைக்குப் போகும் நிலை வரலாம். கடன் வாங்கி அனுப்பும் குடும்பம் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இந்தியத் தனியார் நிறுவனங்கள்? ஹைதராபாத்தின் ஸ்கைரூட் 2022-இலும், சென்னையின் அக்னிகுல் 2024-இலும் உங்கள் ஊருக்கு எதிரே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே சோதனை ராக்கெட்டுகளை ஏவின. நல்ல நிறுவனங்கள், ஆனால் அவை இப்போது குறிவைப்பது சில நூறு கிலோ செயற்கைக்கோள்களை. கனரக ராக்கெட் மட்டுமே தம்பியின் ஆசை என்றால், இந்தியாவில் இன்றைக்கு அந்த வேலை இஸ்ரோவிடம் இருக்கிறது. (இங்கே என் சாய்வு தெரிந்துவிட்டது, தெரியட்டும்.) இஸ்ரோவுக்கும் எல்லை உண்டு: அதன் மிகப் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.-3, புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு (பூமியோடு சேர்ந்து சுழலும் உயரமான பாதைக்கு) மாறும் பாதையில் சுமார் 4 டன் சுமக்கக்கூடியது. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை 2024 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9-இல்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான், தாழ்வான புவிப் பாதைக்கு 30 டன் சுமக்கும் அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு 2024 செப்டம்பரிலும், ஸ்ரீஹரிகோட்டாவில் சுமார் 3,985 கோடி ரூபாயில் மூன்றாம் ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியிலும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த ஏவுகலத்துக்குக் கொடுத்திருக்கும் காலம் எட்டு ஆண்டுகள், தம்பி பி.டெக். முடிக்கும்போது அதன் வேலை நடந்துகொண்டிருக்கும். இஸ்ரோவில் இடம் கிடைக்காவிட்டாலும், இஸ்ரோ ராக்கெட்டுகளுக்கான விகாஸ் எஞ்சின் செய்யும் கோத்ரெஜ், பூஸ்டர் உறைகள் செய்யும் எல் அண்டு டி போன்ற இடங்களில் செய்வதும் அதே ராக்கெட் வேலைதான்.

படிப்பைப் பொறுத்தவரை, விண்வெளிப் பொறியியல் என்ற பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இயந்திரவியல், உலோகவியல், வேதிப் பொறியியல், மின்னணுவியல் எதுவும் பயன்படும். அனுப்பியிருக்கும் மதிப்பெண்களில் வேதியியல் மட்டும் தளர்ந்திருக்கிறது, எல்.வி.எம்.-3-இன் இரு பூஸ்டர்களிலும் தலா 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் இருப்பதையும், அது பழவேற்காடு ஏரிச்சாலைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே வார்க்கப்படுவதையும் சொன்னால், பாடத்தில் பிடிப்பு வரக்கூடும். திருவனந்தபுரம் அருகே வலியமலையில் உள்ள ஐ.ஐ.எஸ்.டி. என்ற விண்வெளித் துறையின் கல்வி நிறுவனத்தில் பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும். அங்கே படித்தாலே இஸ்ரோ வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காலியிடமும் மதிப்பெண்ணும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். மற்றக் கல்லூரிகளில் படிப்பவர்கள் 65 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால்தான் இஸ்ரோவின் விஞ்ஞானி, பொறியாளர் பணிக்கு விண்ணப்பிக்கவே முடியும்.

எல்லைப்பகுதிப் பெற்றோர் பலர் தவறவிடும் ஒன்று: வீட்டில் தமிழ் பேசினாலும், இன்டரை ஆந்திராவில் முடிப்பதால் திருச்சி என்.ஐ.டி.யில் தம்பி வெளிமாநில மாணவர். சொந்த மாநில ஒதுக்கீடு அவருக்குத் தாடேபல்லிகூடம் என்.ஐ.டி.யில்தான். ஐ.ஐ.டி.களில் இந்தக் கணக்கு இல்லை. ஆகவே கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது, ஏர்ப்பேட்டில் இருக்கும் திருப்பதி ஐ.ஐ.டி.யையும் தாடேபல்லிகூடத்தையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.